ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை

கோவை கணபதியில் இருக்கும் என் லேத் பட்டறையில் வாரத்தில் ஆறு நாளும் பம்பு உதிரி வேலைதான். ஷாஃப்ட், புஷ், ஸ்லீவ், எப்போதாவது மில்லிலிருந்து வரும் ரோலர். எல்லாம் பீஸ் கணக்கில் கூலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், ஸ்பின்னிங் மில்லில் ஜாபராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பஸ் டெப்போ மெக்கானிக் ஒருவர், பாலிடெக்னிக் பையன்கள், ஒரு சித்த மருத்துவர். இவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக இரும்பைத் தொட வேண்டியதில்லை. ஆனாலும் ஒருவர் கட்டைப்பையில் கிரைண்டர் மோட்டாரோடு வருவார். இன்னொருவர் வண்டியின் பின்னால் பழைய ஷாக் அப்சார்பரைக் கட்டிக்கொண்டு வருவார். மருத்துவருக்குச் சூரணம் இடிக்க ஓர் இயந்திரம், ஜாபருக்கு மரம் கடைய ஒன்று, வங்கிக்காரருக்கு இரும்பே கடைய ஒன்று என்று ஆளுக்கொரு யோசனை மனசில் ஓடிக்கொண்டிருக்கும்.

இவர்களோடு பழகியதில் என் தொழிலே எனக்கு இன்னும் தெளிவாக விளங்கியது. கூலி வேலைக்கு டிராயிங் வரும். அதில் போட்டிருக்கும் அளவுக்குக் கடைந்து கொடுத்தால் போதும். அந்த அளவு ஏன் அப்படி என்று கேட்க நேரம் இருக்காது. வீட்டில் இயந்திரம் செய்கிறவனுக்கு டிராயிங் கிடையாது. எந்த இடம் மயிரிழை பிசகக்கூடாது, எந்த இடம் எப்படிக் கிடந்தாலும் கவலையில்லை என்று அவனே முடிவு செய்யவேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை ஓட்டை உடைசலை வைத்து ஒப்பேற்றுகிற வேலை என்று நினைக்கிறார்கள். நல்ல கைக்காரன் பத்து இடத்தில் ஒப்பேற்றுவான்தான். ஆனால் ஒன்றிரண்டு இடத்தில் கம்பெனிக்காரனைவிடக் கறாராக நிற்பான். அந்த ஒன்றிரண்டு இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் மொத்தப் படிப்பும்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட ஆட்கள் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் ஓட ஆரம்பித்ததும் மில்கள் பெருகின. மில் ஓடினால் உதிரி தேயும். சீமையிலிருந்து உதிரி வரும்வரை கதிரை நிறுத்திவைக்க முடியாது. பக்கத்துத் தெருவில் ஒருவன் செய்து தரவேண்டும். அப்படித்தான் இங்கே பட்டறைகள் முளைத்தன. ஜி.டி. நாயுடு வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1937இல் அவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். 1955இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டாரைப் பூட்டி கிரைண்டர் ஆக்கினார். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இவர்களுக்குப் பின்னால் இல்லை. கையில் கிடைத்ததைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் இந்த ஊர்க் காற்றில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனால் குவியலைப் படிக்கத் தெரியவேண்டும். பையன்களை அங்கே கூட்டிக்கொண்டு போவது எனக்குப் பிடித்த வேலை. ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் தண்டு ஹார்ட் குரோம் பூசி, கிரைண்டிங் போட்டது. வளையாமல் இருந்தால் போதும், அதுபோன்ற வழுவழுப்பான நேர்த்தண்டைப் புதிதாக வாங்கப் பல மடங்கு விலை கொடுக்கவேண்டும். காரின் வைப்பர் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடும், உள்ளே வார்ம் கியர் இருப்பதால் மெதுவாகச் சுற்றி நல்ல இழுவை தரும். மருத்துவரின் உரலில் உலக்கையைத் தூக்கிப் போடுவது அப்படி ஒரு மோட்டார்தான். லாரிப் பட்டை ஸ்பிரிங்கின் துண்டு கிடைத்தால் விடவே கூடாது. கத்தி, உளி எதற்கும் ஆகும். பவர் ஹாக்ஸா பிளேடு உடைந்த துண்டு ஹைஸ்பீடு ஸ்டீல் என்றால், தீட்டி எடுத்தால் அருமையான கட்டிங் டூல்.

எது என்ன இரும்பு என்று சந்தேகம் வந்தால் சாணையில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பார்க்கவேண்டும். மைல்டு ஸ்டீல் நீளமான, அதிகம் பிரியாத கோடாகப் பொறி விடும். கார்பன் கூடக் கூட நுனியில் மத்தாப்பு மாதிரி வெடிக்கும். வார்ப்பிரும்பு மங்கலான சிவப்பில் குட்டையாக நின்றுவிடும்.

பேரிங் எண்ணைப் படிக்கவும் சொல்லித்தருவேன். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம். 04 என்றால் 20 மில்லிமீட்டர், 06 என்றால் 30. அதற்குக் கீழே மட்டும் கணக்கு மாறும்: 00 பத்து, 01 பன்னிரண்டு, 02 பதினைந்து, 03 பதினேழு. இது தெரிந்தால் கையில் ஸ்கேல் இல்லாமலே குவியலிலிருந்து வேண்டியதைப் பொறுக்கலாம்.

இதெல்லாம் சுலபமான பகுதி. வங்கிக்காரர் சின்ன லேத் ஒன்று சொந்தமாகச் செய்யவேண்டும் என்று வந்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது. அமெரிக்காவில் டேவிட் ஜிஞ்சரி என்பவர் அடுப்புக்கரி உலையில் அலுமினியத்தை உருக்கி வார்த்து, லேத்திலிருந்து தொடங்கி ஒரு பட்டறைக்கு வேண்டிய இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய உலோகத்திலிருந்தே செய்யும் முறையை வரிசையாகப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார். வங்கிக்காரர் அவற்றைக் கரைத்துக் குடித்தவர். பாதி முடிந்த லேத்தை வைத்தே அதன் மீதிப் பாகங்களைக் கடையலாம் என்ற எண்ணம் அவரை ஆட்டிவைத்தது. எனக்கும் அது பிடித்தது. ஆனால் முதலில் கேட்டேன்: "படுக்கை மட்டமா இருக்கான்னு எதை வச்சுங்க பாப்பீங்க?"

லேத்தின் பெட் தட்டையாக இல்லாவிட்டால் அதன்மேல் நடக்கும் எதுவும் நேராக இருக்காது. அது தட்டையா என்று பார்க்க, அதைவிடத் தட்டையான ஒன்று வேண்டும். கூட இருந்த பாலிடெக்னிக் பையன் உடனே சொன்னான்: "ஏனுங்ணா, எங்க வீட்ல சமையல் மேடைக்குப் போட்ட கிரானைட்ல மீதித் துண்டு இருக்குதுங்க. கண்ணாடியாட்டம் மின்னுது. அது போதுமில்லங்க?"

"மின்னுறது வேற கண்ணு, மட்டம் வேற."

நல்ல தடிமனான கண்ணாடி பல வேலைக்குப் போதும்; அதன்மேல் எமரி ஒட்டித் தேய்த்துப் பழகலாம். சமையல் மேடை கிரானைட்டைப் பாலிஷ் போடும்போது மெஷின் பளபளப்பைத்தான் பார்க்கிறது, தளத்தைப் பார்ப்பதில்லை. லேத்துக்கு அது ஆகாது. மட்டம் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட் விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து தட்டையைப் பிறப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அதை அவர்கள் கையால் ஒருமுறை செய்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் கூட்டத்தில் விளக்கிச் சொன்ன முறை அது. லண்டனில் மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர்.

மூன்று வார்ப்பிரும்புத் தகடு வேண்டும். பவுண்டரியில் சதுரமாக வார்த்து வாங்கினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று விளிம்பில் பஞ்ச் குத்தினோம். பழைய தட்டை அரத்தின் பல்லைச் சாணையில் தேய்த்து எடுத்து, நுனியை லேசாக வளைவாகத் தீட்டினால் ஸ்கிரேப்பர் தயார். மார்க்கிங் புளூ என்கிற நீல மையை ஒன்றாம் தகட்டில் விரலால் தடவவேண்டும். அதிகம் தடவினால் பொய் சொல்லும். இரும்பு நிறம் நீலத்துக்கு அடியில் மங்கலாகத் தெரியும் அளவுதான். அதன்மேல் இரண்டாவதைக் கவிழ்த்து, அழுத்தாமல், அங்குலம் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்தி எடுத்தால், இரண்டாவதில் மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் நீலப் பொட்டு விழும். அந்தப் பொட்டை மட்டும் சீவவேண்டும்.

சீவுவது கையால் வருகிற வேலை இல்லை, இடுப்பால் வருவது. ஸ்கிரேப்பரின் பிடியை இடுப்பெலும்புக்கு மேலே முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் நுனியை அழுத்தி, உடம்பை அரை அங்குலம் முன்னால் தள்ளவேண்டும். நுனி இரும்பில் கடிக்கும்போது ஒரு சரசரப்புக் கேட்கும். சத்தம் கீச்சென்று போனால் முனை மழுங்கிவிட்டது, எண்ணெய்க்கல்லில் தீட்டவேண்டும். ஒரு சீவலில் போவது சில மைக்ரான்தான். விரலில் ஒட்டும் கரும்பொடியைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். ஒருதரம் வடகிழக்காகச் சீவினால் அடுத்ததரம் வடமேற்காக. இல்லாவிட்டால் ஒரே வாட்டத்தில் அலை எழும்பிவிடும். தகட்டை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டே இருந்தால் சூட்டில் அது வளையும். அதனால் சீவியதும் கீழே வைத்துவிட்டு ஆறட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவோம்.

இரண்டு தகடு மட்டும் வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று பையன்களைக் கேட்டேன். ஒன்று குழியாகவும் இன்னொன்று அந்தக் குழிக்கு ஏற்ற மேடாகவும் அமைந்துவிடும். இரண்டும் அழகாகப் பொருந்தும், இரண்டுமே தட்டை இல்லை. மூன்றாவது வந்தால் இந்த ஏமாற்று நடக்காது. ஒன்றாவது மேடாக இருக்கிறது என்று வையுங்கள். அதற்குப் பொருத்தமாக இரண்டையும் மூன்றையும் தனித்தனியே சீவினால் அவை இரண்டும் குழியாகும். இப்போது இரண்டையும் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் இடைவெளி விட்டு விளிம்பில் மட்டும் நீலம் ஒட்டும். தப்பு இரண்டு மடங்காகித் தெரியும். இரண்டிலும் விளிம்பைச் சமமாகச் சீவி அதைத் தீர்த்து, பிறகு இரண்டாவதை முதன்மையாக வைத்து ஒன்றாவதைத் திருத்தி, மறுபடி சுற்றவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தப்பு சுருங்கும். எந்த இரண்டை எடுத்து எப்படிக் கவிழ்த்தாலும் நீலம் பரவலாக விழுகிற நாளில் மூன்றும் தட்டை. வேறு வழியே இல்லை, அவை தட்டையாகத்தான் இருந்தாகவேண்டும். கடையில் வாங்கிய எந்த அளவுக் கருவியும் இதற்குள் வரவில்லை என்பதைப் பையன்கள் உணர்ந்த நிமிஷத்தில் பட்டறையே அமைதியாகிவிட்டது. எனக்கு இந்த முறையின்மேல் பக்தி என்றே சொல்லலாம்.

இதில் ஒரு நுணுக்கம் விட்டுப்போகும். நேராக மட்டுமே வைத்து ஒப்பிட்டால், மூன்றும் ஒரே மாதிரி முறுக்கிக்கொண்டு ஒன்றோடொன்று பொருந்திவிட இடமுண்டு. ஒரு தகட்டை அவ்வப்போது கால்வட்டம் திருப்பி வைத்துப் பார்த்தால் அந்த முறுக்கு அகப்படும். சதுரமாக வார்த்தது அதற்காகத்தான்.

கடைசியில் அங்குலச் சதுரத்துக்கு இருபது பொட்டு அளவுக்கு விழுந்தபோது நிறுத்தினோம். ஜாபர் ஒரு தகட்டைத் துடைத்து இன்னொன்றின்மேல் வைத்துத் தள்ளிப் பார்த்தார். காற்றின்மேல் மிதப்பதுபோல ஓடிப்போய், பிறகு இறுகிக்கொண்டது. "மில்லுல இத்தன வருஷம் இருந்தனுங்க, இப்பிடி ஒண்ணு பாத்ததில்லீங்க" என்றார்.

தகடு தயாரானபிறகு லேத் வேலை மளமளவென்று நடந்தது. பெட்டின் இரு தண்டவாளமும் உடைந்த ஒரு மெஷினின் ஸ்லைடு. தகட்டில் நீலம் தடவி அதையும் சீவித் திருத்தினோம். அடியில் தாங்கும் சட்டம் வெறும் சானல் இரும்பு, பெயிண்டுகூட அடிக்கவில்லை. ஸ்பிண்டிலுக்கு ஒரு வேனின் முன்சக்கர ஹப்பிலிருந்து எடுத்த டேப்பர் ரோலர் பேரிங் இரண்டு. வண்டியின் பாரத்தையும் திருப்பத்தில் வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் தாங்கியவை அவை. லேத்தின் வெட்டு விசை அவற்றுக்குப் பொருட்டே இல்லை. ஒன்றுக்கொன்று எதிர்முகமாகப் போட்டு நட்டை இறுக்கினால் ஆட்டம் முழுக்கப் போய்விடும். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஓடவிட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. இளஞ்சூடாக நின்றால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் தளர்த்தவேண்டும்.

ஃபேஸ்பிளேட்டை என் லேத்தில் கடைந்து தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. அதை அவருடைய ஸ்பிண்டிலிலேயே மாட்டி, அங்கேயே சுற்றவிட்டு, அங்கேயே முகம் சீவவேண்டும். அப்போதுதான் அது அந்த ஸ்பிண்டிலின் அச்சுக்கு நேர் செங்குத்தாக அமையும். வேறு எங்கே கடைந்து வந்து மாட்டினாலும் ஆட்டம் இருக்கும். டெயில்ஸ்டாக்கின் ஓட்டையும் அப்படியே. போரிங் டூலை ஸ்பிண்டிலில் பொருத்தி, டெயில்ஸ்டாக்கை பெட்டின்மேல் அதை நோக்கி நகர்த்தித் துளைத்தால், உயரமும் நேர்கோடும் தானாக ஒத்துப்போகும். அளந்து அளந்து வைத்து இந்த ஒத்துப்போவதைக் கொண்டுவர நான் ஒரு வாரம் திண்டாடியிருப்பேன். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

மோட்டார் விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மிக்ஸி மோட்டாரைக் கொண்டுவருவார்கள், சின்னதாக இருந்து பெரிய வேகம் தருகிறது என்று. அது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். சும்மா ஓடும்போது எகிறும், வேலை கொடுத்ததும் வேகம் விழும். தேங்காய்ச் சட்னிக்கு அது சரி; வெட்டு சீராக வரவேண்டிய இடத்தில் உதவாது. கிரைண்டர் மோட்டார் இண்டக்‌ஷன் வகை, பாரம் ஏறினாலும் 1440 சுற்றை ஒட்டியே நிற்கும். மோட்டாரில் இரண்டு அங்குல புல்லி, ஸ்பிண்டிலில் எட்டு அங்குல புல்லி போட்டால் 360 சுற்று. 25 மில்லிமீட்டர் தண்டைக் கடையும்போது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 28 மீட்டர் வெட்டு வேகம். ஹைஸ்பீடு டூலால் மைல்டு ஸ்டீலைக் கடைய அதுதான் வேண்டியது. புல்லிகள் வேறு வேறு இயந்திரத்திலிருந்து வந்தவை, நிறம்கூட ஒத்துப்போகவில்லை. அதனால் ஒரு குறையும் இல்லை.

சில வேலைகளுக்கு என் பட்டறையில் இடம் கிடையாது. அதைக் கண்டிப்பாகவே சொல்லிவிடுவேன், கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து டிரான்ஸ்ஃபார்மர் எடுக்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவேன். அதில் இரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு வரும். ஒயரைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வைத்து மரத்தில் மின்னல் கோலம் எரிக்கப்போய் உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் கம்ப்ரசரோடு பழைய சிலிண்டரை இணைத்துக் காற்று நிரப்பும் ஆசையும் அடிக்கடி வரும். தொட்டியை முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதித்த பிறகு வா என்பேன். தண்ணீர் அமுங்காது, உடைந்தால் கசிந்து நின்றுவிடும். காற்றை ஏற்றிச் சோதித்தால் உடைகிற கணம் குண்டுதான். நீராவி எஞ்சின் செய்கிற பையன்களைக் கொஞ்ச நாள் சைக்கிள் பம்பு காற்றிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். கால்வனைஸ்டு குழாயைப் பூச்சோடு வெல்டிங் வைத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பை உலுக்கும், அது துத்தநாகப் புகை. அலுமினியம் உருக்கும் இடத்தில் ஈரமான அச்சோ வெறும் சிமெண்டுத் தரையோ இருக்கக்கூடாது. சிந்தினால் அடியில் இருக்கும் ஈரம் ஆவியாகி உருகியதை முகத்தில் அடிக்கும். இவற்றில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. பிள்ளைகள் ஆசையாக வருகிற இடம் இது.

இப்போது பையன்கள் முப்பரிமாண பிரிண்டர் வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்கள் சிலர் அதைப் பொம்மை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மர மாதிரி செய்யும் ஆசாரிகள் குறைந்துவிட்ட காலத்தில், பையன்களில் ஒருவன் டெயில்ஸ்டாக்கின் மாதிரியை பிளாஸ்டிக்கில் பிரிண்ட் எடுத்து, எமரி போட்டு வழித்து, பவுண்டரியில் மணலில் பதித்து வார்ப்பு வாங்கிவிட்டான். மணலிலிருந்து மாதிரி சிதையாமல் வெளியே வரப் பக்கங்களுக்கு லேசாகச் சரிவு வைத்திருந்தான், யாரும் சொல்லாமலே. வார்ப்பு கைக்கு வந்ததும் கடையத் துடித்தான். மேலே ஒரு ரஃப் வெட்டு போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் வெயிலில் கிடக்கட்டும் என்றேன். உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்ந்து, வளைகிறதென்றால் அப்போதே வளைந்துவிடும்.

அடுத்தது லேத் பெட்டையே வார்க்கப்போகிறான். பிரிண்டரில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதாகத் திட்டம். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதனால் 600 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஆறு மில்லிமீட்டர் கூட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன். சீவவேண்டிய முகங்களுக்கு மேலும் மூன்று. தடிமனான இடமும் மெல்லிய இடமும் சட்டென்று சந்திக்காமல், மூலைக்கு மூலை நல்ல வளைவு கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அங்கேதான் விரிசல் விடும்.